அக்கா பெயரில் போன கோரிக்கைகள்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு அக்கா என்றுதான் பெயர். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் அப்படிக் கூப்பிட்டால் வயதுக்குக் கொடுக்கும் மரியாதை என்று விட்டுவிடலாம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேசை மேசையாகத் தேடித் திரியும் மேலாளருக்கு அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதாவது கூட இருக்கும். அவருக்கும் அவள் அக்காதான். ஒரு பெண்ணை அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் போதும், பிறகு எந்த வேலையையும் கூசாமல் அவள் தலையில் கட்டலாம் என்பதை அந்த அலுவலகம் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது.

ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்த இடம். வார்னிஷ் வாசம் படியேறி வந்து நாள் முழுக்கத் தங்கும். ஜன்னல் உண்டு, ஆனால் குளிர்சாதனப் பெட்டியை அதன் குறுக்கே மாட்டிவிட்டதால் திறக்க முடியாது. அக்காவின் நாற்காலி தூணுக்கும் பிரிண்டருக்கும் நடுவில் இருந்தது. யாராவது காகிதம் எடுக்க வந்தால் அவள் நாற்காலியை உள்ளே இழுத்து வயிற்றை எக்கிக்கொண்டு வழிவிட வேண்டும். இடம் மாற்றித் தருகிறோம் என்று சேர்ந்த புதிதில் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர் வேலையை விட்டுப் போய், அவர் இடத்துக்கு வந்தவரும் போயாகிவிட்டது.

அவள் செய்தது திரை வேலை. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்று இருந்தது. ஊரெங்கும் சின்னச் சின்ன கிளினிக்குகள் அங்கேதான் ரத்தம் அனுப்பும். முடிவுகளை கிளினிக்கில் இருக்கும் சிஸ்டர்களும் டாக்டர்களும் கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். அவர்கள் பார்க்கிற அந்தப் பக்கங்கள், பட்டியல்கள், பொத்தான்கள் எல்லாம் அக்கா கைப்பட எழுதியவை. முடிவுகள் பரிசோதனைக் கூடத்தின் சர்வரில் இருந்தன. சர்வர் அவர்களுடையது, திரை இவர்களுடையது என்பது ஒப்பந்தம்.

அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு கத்துகிறவர்களை வெளியே எடுப்பதில் அவருக்குக் கம்பெனியில் நல்ல பெயர். அந்த நல்ல பெயரே வினையாகி, இரவு முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரத்தில் இருக்கும் கிளைக்கு அவரை மேற்பார்வையாளராக மாற்றினார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். மகளை அங்கே சேர்க்காவிட்டால் இடம் போய்விடும். எனவே அப்பாவும் மகளும் முதலில் போவது, அக்கா வேலையை முறையாக ஒப்படைத்துவிட்டு அடுத்த மாதம் வந்து சேர்ந்துகொள்வது என்று முடிவானது. ரயில் நிலையத்தில் மகள் அழவில்லை. அம்மா அடுத்த மாதம் வருவாள் என்பதைத்தான் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே அக்கா ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். ஆள் நிர்வாகம் பார்க்கும் பெண் கண் கலங்கிப் போனாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நடைமுறையைச் சொன்னாள். அடையாள அட்டையைத் திருப்பித் தர வேண்டும், மடிக்கணினியைத் தர வேண்டும், கடைசி நாள் சாயங்காலம் அவளுடைய எல்லாக் கணக்குகளும் மூடப்படும், பரிசோதனைக் கூடத்தின் சர்வரில் இருக்கிற கணக்கும் சேர்த்து. அக்கா சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தேநீர் பிடிக்கப் போனாள். பால் பவுடரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கடைசிச் சொல் உள்ளே இறங்கியது. கரண்டி நின்றுவிட்டது.

அவளுக்கு ஒரு வரி நினைவுக்கு வந்திருந்தது.

தொழில் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் பிரௌசர் சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. கோரிக்கையின் தலைப்பக்கம் சில வரிகள் இருக்கும். அதற்கு ஹெட்டர் என்று பெயர். தபால் உறையின் மேல் எழுதுகிறோமே, அது மாதிரி. கேட்பது யார், பதில் எந்த வடிவத்தில் வேண்டும், கேட்கிற உரிமை அவருக்கு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். உரிமையைக் காட்டும் வரியில் ஒரு நீளமான சாவி எழுதியிருக்கும், பூனை விசைப்பலகை மேல் நடந்துபோன மாதிரி எழுத்தும் எண்ணும் கலந்து. சர்வர் முகத்தைப் பார்ப்பதில்லை. சாவியைப் பார்க்கும், சாவி யாருடையதோ அவர்தான் வந்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளும்.

அந்தப் பக்கங்களை முதன்முதலாகப் பரிசோதனைக் கூடத்துக்காரர்களிடம் காட்ட வேண்டிய நாளில், ஆளாளுக்குச் சாவி கொடுக்கிற ஏற்பாடு இன்னும் தயாராகவில்லை. மேலாளர் நகத்தைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே நின்றார். எப்படியாவது ஓடினால் போதும் அக்கா என்றார். அக்கா என்ன செய்தாள், எல்லாக் கோரிக்கைகளும் புறப்படுகிற பொதுக் கோப்பைத் திறந்து, உரிமை வரியில் தன் சொந்தச் சாவியை ஒட்டிவிட்டாள். சோதனைக்காக அவளுக்குக் கொடுத்த சாவி அது. எல்லாக் கதவையும் திறக்கும். அடிக்கடி காலாவதியானால் தொல்லை என்று காலாவதியே இல்லாமல் கேட்டு வாங்கியதும் அவள்தான். வரிக்கு மேலே ‘தற்காலிகம்’ என்று குறிப்பும் எழுதினாள். காட்டியது பிரமாதமாக அமைந்தது. உச்சி குளிர்ந்துபோன மேலாளர் அடுத்த வாரமே கிளினிக்குகளுக்குத் திறந்துவிட்டார்.

பிறகு நுழைவுப் பக்கம் வந்தது. சிஸ்டர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டால்தான் உள்ளே விடும். எல்லாருக்கும் திருப்தி. ஆனால் உள்ளே வந்த பிறகு அந்த சிஸ்டர் அழுத்துகிற ஒவ்வொரு பொத்தானும் அக்காவின் சாவியோடுதான் சர்வருக்குப் போனது. அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் வேறு தீ பற்றியது, அதை அணைக்க ஓடினாள். இந்தத் தொழிலில் ஒழுங்காக ஓடுகிற ஒன்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, எழுதியவளே மறந்துபோகிறாள். இப்போது தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அவள் கணக்கை மூடினால் எல்லா கிளினிக்கிலும் எல்லாத் திரையும் ஒரே நேரத்தில் செத்துவிடும் என்பது அவளுக்கு விளங்கியது.

யாருக்கும் தெரியாமல் கமுக்கமாகச் சரிசெய்துவிடத்தான் முதலில் பார்த்தாள். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். நுழையும்போது ஆளாளுக்குக் கிடைக்கிற சாவியை எடுத்து, ஒரு புதிய ஹெட்டரில் வைத்து அனுப்புகிற மாதிரி கோப்பைத் திருத்தி எழுதினாள். ஒத்திகை பார்க்க இவர்களே வைத்திருந்த சோதனை சர்வரில் அனுமதி கொடுக்கிற அதிகாரம் அவளிடமே இருந்ததால் அங்கே அழகாக ஓடியது. உண்மையான சர்வரில் ஓடவில்லை. பழக்கமில்லாத ஹெட்டர் ஒன்றைப் பார்த்தால் பிரௌசர் நேராக அனுப்பிவிடாது. இப்படியொரு வரி வரப்போகிறது, ஏற்றுக்கொள்வாயா என்று முதலில் சர்வரிடம் ஆழம் பார்க்கும். சர்வர் தெரியாது என்றது. அவ்வளவுதான், கோரிக்கை வாசலைத் தாண்டவில்லை.

ஆக, சர்வர் பக்கம் ஒருவர் மனம் வைக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்பவரை அவள் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள், குரலில் மட்டுமே பழக்கம். பாதி நாள் வேலைதான், செய்துவிடலாம் என்றார் அவர். ஆனால் உண்மையான சர்வரில் கை வைக்க அவர்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. உங்கள் மேலாளரிடமிருந்து காரணத்தோடு எழுத்தில் வர வேண்டும். காரணம் என்ன என்று போடுவது? அக்கா ஃபோனை வைத்துவிட்டு எழுந்தாள்.

மேலாளர் அறையில் எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. அவர் எழுந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற பேச்சு நடக்கிற நேரம் இது என்றார். இத்தனை நாளாக எவருடைய ரத்த முடிவையும் எவரும் பார்க்கிற மாதிரி கதவு திறந்து கிடந்தது என்று தெரிந்தால் நம்மை வாசலோடு அனுப்பிவிடுவார்கள், இந்த மாடியில் இருக்கிற எல்லாருடைய பிழைப்பும் போகும் என்றார். நான் போன பிறகும் என் கணக்கை மட்டும் திறந்து வைத்துக்கொள்ள முடியாதா என்று அவள் கேட்டாள். விலகினவர்கள் பட்டியல் போன மறு நிமிடம் அவர்கள் மூடிவிடுவார்கள் என்றார். பிறகு மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தங்கைக்குப் புத்தி சொல்கிற தொனியில் சொன்னார்.

“உங்க பேர்லதானே அக்கா எல்லாமே போகுது. உங்க கணக்கு இருக்கிற வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. நீங்க இருந்தா கணக்கு இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.”

அவள் மகளைப் பற்றிச் சொன்னாள். அவருக்கும் பிள்ளைகள் உண்டு, புரிகிறது என்றார். புதுப்பிக்கிறவரை பொறுங்கள் என்றார். அவள் எழுந்து கதவைத் திறக்கும்போது, “நீங்க போட்ட வரி அக்கா. நான் அதைப் பெரிசு பண்ண விரும்பல” என்றார். தேன் ஒழுகப் பேசுகிறவர்களிடம் இதுதான் சங்கடம், மிரட்டல் எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஆள் நிர்வாகப் பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். எங்களை விட்டுப் போக உங்களுக்கு மனசு வராதென்று எனக்குத் தெரியும் அக்கா என்றாள். அக்காவும் சிரித்து வைத்தாள்.

வீட்டில் பாதிச் சாமான் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மீதி அட்டைப் பெட்டிகளில், ஒட்டுநாடா ஒட்டிக் கூடத்துச் சுவரோரம் அடுக்கியிருந்தது. புழக்கத்தில் இருந்தது நாலு பாத்திரம், ஒரு பாய், ஒரு நாற்காலி. பெட்டிகளைப் பிரித்தால் இங்கேயே இருக்கப்போகிறோம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், எனவே பிரிக்கவில்லை. கரண்டி வேண்டுமென்றால்கூட ஒட்டுநாடாவின் ஓரத்தைக் கிழித்து, கையை நுழைத்துத் துழாவி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டிவிடுவாள். நாடா பிசின் போய்த் தொங்க ஆரம்பித்தது.

சாயங்காலம் ஃபோனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்துவைத்து மகளோடு பேசிக்கொண்டே சாப்பிடுவாள். ஆரம்பத்தில் மகளுக்கு ஒரே கேள்விதான். எப்போ வர்றே? அடுத்த மாசம் கண்ணு. அந்த மாதமும் வரும், போகும். ஒரு நாள் மகள் பதிலை எதிர்பாராமல் தானே, “அடுத்த மாசம்” என்று சேர்த்துச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனாள். அதன் பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். பேச்சும் குறைந்தது. பெரும்பாலும் அந்தப் பக்கம் நாற்காலியும் சுவருமே தெரியும். பாப்பா எங்கே என்றால், பக்கத்து வீட்டில் விளையாடுகிறாள், பக்கத்து வீட்டு அம்மா தலை பின்னிவிடுகிறார் என்று வீட்டுக்காரர் சொல்வார். அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவை அக்கா பார்த்ததே இல்லை. நல்லவராகத்தான் இருப்பார். அவர் மேல் இவளுக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது.

வீட்டுக்காரருக்கு ஹெட்டர் புரியாது, ஆனால் மாட்டிக்கொள்வது என்றால் என்னவென்று புரியும். அவர் தன் தொழில்படி ஆராய்ந்தார். லிஃப்ட் நின்றுவிட்டால் உள்ளே இருக்கிறவர்கள் இரண்டு வகை என்றார். சிலர் கதவை நகத்தால் பிறாண்டிக்கொண்டிருப்பார்கள், சிலர் சத்தம் போட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று வெட்கப்பட்டு மணிக்கணக்காகச் சும்மா நிற்பார்கள். “மணிப் பொத்தான் கண்ணுக்கு எதிர்லயே இருக்கும்மா. வெட்கத்துலயே அழுத்த மாட்டாங்க.” அக்கா கோபித்துக்கொண்டு ஃபோனை வைத்துவிட்டாள். வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறவருக்கு என்ன, சொல்லிவிடுவார் என்று புலம்பினாள்.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மேலாளர் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார், அக்காவுக்கு இரண்டாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். இப்போது சர்வர் பக்கத்துக்கு எழுதலாமா என்று அவள் கேட்டாள். கையெழுத்தின் ஈரம் காயட்டும் அக்கா என்றார். காய்ந்தது. புதுப் பதிப்பு வரட்டும் என்றார். வந்தது. புது ஆட்களுக்குப் பழக்கிவிடுங்கள் என்றார். பழக்கினாள், பழகியவர்கள் நல்ல வேலை கிடைத்துப் போனார்கள். அவர்கள் எவ்வளவு லேசாகப் போனார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடையாள அட்டையை மேசையில் வைத்தார்கள், கையைக் குலுக்கினார்கள், படியிறங்கினார்கள். அவர்கள் பெயர் எதிலும் ஒட்டியிருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் சிஸ்டர் வருகிறார். வருகிறார் என்றால் ஃபோனில் வந்தார். ஒரு முற்பகலில் அக்காவின் மேசை ஃபோன் அடித்தது. எடுத்தால், தெரியாத குரல், மூச்சு வாங்க, சண்டைக்குத் தயாராக. ஏதோ ஒரு கிளினிக்கின் பெயரைச் சொல்லி, தான் அங்கே சிஸ்டர் என்று சொன்னது குரல். சிவப்பில் வருகிற முடிவுகள் டாக்டர் பார்க்கும்வரை பட்டியலில் மேலேயே நிற்கும். பார்த்துவிட்டு ‘பார்த்தாச்சு’ என்று அழுத்தினால்தான் இறங்கும். முந்தின நாள் ஒரு வயதான தையல்காரருக்குப் பொட்டாசியம் தாறுமாறாக ஏறி சிவப்பில் வந்த முடிவு, டாக்டர் பார்ப்பதற்கு முன்னாலேயே பட்டியலிலிருந்து இறங்கிவிட்டது. தற்செயலாகத்தான் சிஸ்டர் கண்ணில் பட்டிருக்கிறது. தன் ஸ்கூட்டரில் போய் அவரைத் தையல் மிஷினிலிருந்து கையோடு எழுப்பி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார். பொத்தானை அழுத்தியது யார் என்று பரிசோதனைக் கூடத்தில் கேட்டால் அக்காவின் பெயரைச் சொல்கிறார்கள்.

“எங்க கிளினிக்ல உங்களை நான் பார்த்ததே இல்லையே. நீங்க யாரு? எங்க பேஷண்ட்டு முடிவை நீங்க எதுக்குப் பார்த்தாச்சுன்னு போட்டீங்க?”

நான் போடவில்லை என்று அக்கா சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் சர்வரைக் கேட்டால் அவள்தான் என்று சாதிக்கும். யாரோ ஒருவர் தவறுதலாக அழுத்தியிருக்க வேண்டும். எந்த கிளினிக்கில், யார், என்று இனி எவராலும் கண்டுபிடிக்க முடியாது. அழுத்தியவருக்கே தான் அழுத்தியது தெரியாது. ஊரில் இருக்கிற அத்தனை விரல்களும் அவள் விரலாகிவிட்டிருந்தன. விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். சிஸ்டர் நம்பவில்லை. அடுத்த தடவை எனக்குக் கண்ணில் படாவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மேலாளரிடம் ஓடினாள். அவர் முகம் வெளிறத்தான் செய்தது. பிழைத்துக்கொண்டார் இல்லையா என்றார். அவள் தலையாட்டினாள். அப்படியானால் ‘பார்த்தாச்சு’ பொத்தானைச் சின்னதாக்கி ஓரத்துக்குத் தள்ளிவிடலாமா, தவறுதலாக அழுத்த மாட்டார்களே என்று யோசனை சொன்னார். அந்த நொடியில் அக்காவுக்குப் பொறுமை விட்டுப்போனது. அவள் மனிதரை வெறுக்கிறவள் இல்லை, ஆனால் அந்த மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து பிடுங்கித் தரையில் போட வேண்டும் போலிருந்தது. சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இடத்தில் உட்கார்ந்து, சர்வர் கணக்கு வாங்கும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பழைய விதிகளைத் தோண்டி எடுத்துப் படித்தாள். சேர்ந்த புதிதில் எல்லாரும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற வகை. அதில் ஒன்று கண்ணில் பட்டது. ஒருவருடைய சாவி பிறர் கைக்குப் போய்விட்டதென்று தெரிந்தால் அவரே உடனே சொல்ல வேண்டும். சொன்னதும் யாரையும் கேட்காமல் மூடப்படும். மேலாளர் கடிதம் வேண்டியதில்லை, காரணம் வேண்டியதில்லை. இத்தனை காலமாகக் கதவைத் திறக்க அனுமதி கேட்டே அலைந்திருக்கிறாள், பூட்டுவதற்கு யார் அனுமதியும் தேவையில்லை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மணிப் பொத்தான் கண்ணுக்கு எதிரிலேயே இருந்திருக்கிறது.

மறுநாள் காலையில் வந்ததும் திருத்தி வைத்த கோப்பை இன்னொரு தரம் சோதனை சர்வரில் ஓட்டிப் பார்த்தாள். காலை முடிவுகளை டாக்டர்கள் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரம், கிளினிக்குகள் தூங்கி வழிகிற நேரம். ஒவ்வொரு கிளினிக்காக ஃபோன் போட்டு, கொஞ்ச நேரத்துக்குத் திரை வராது, அவசரமென்றால் பரிசோதனைக் கூடத்தையே ஃபோனில் கேளுங்கள் என்று சொன்னாள். அந்த சிஸ்டரிடமும் சொன்னாள். சர்வர் பக்கத்துக்கும் மேலாளருக்கும் ஒரே கடிதம் எழுதினாள். சாவி எப்போது, எப்படி, யாரால் போடப்பட்டது என்று நடந்ததை நடந்தபடியே. அனுப்பிவிட்டு அண்ணாவைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, என் சாவி வெளிய போயிடுச்சு. மூடிடுங்க.”

“எங்கம்மா போச்சு?”

“எங்க போகலன்னு கேளுங்க. எல்லா கிளினிக்லயும், எல்லா கம்ப்யூட்டர்லயும் இருக்கு. கடிதம் வந்திருக்கும், படிங்க.”

அந்தப் பக்கம் அவர் படிக்கிற சத்தம் முணுமுணுப்பாகக் கேட்டது. நடுவில் நின்றது. நிஜமாகவே மூடிவிடட்டுமா, மூடினால் எல்லாம் நின்றுவிடுமே என்றார். மூடுங்கள் என்றாள். உடனே புது ஹெட்டருக்கு அனுமதி போட வேண்டியிருக்கும், இப்போது உங்களுக்கே காரணம் இருக்கிறது இல்லையா என்றும் சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டார். பிறகு மூடினார்.

மாடி முழுக்க அக்கா அக்கா என்று குரல்கள் எழுந்தன. திரை வரவில்லை அக்கா, சிவப்பாக ஏதோ வருகிறது அக்கா. அவள் அசையவில்லை. மேலாளர் கடிதத்தைப் படித்துவிட்டு வந்து பிரிண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் நாற்காலியை உள்ளே இழுத்து அவருக்கு வழிவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

பாதி நாள் வேலை என்று அண்ணா சொன்னது உண்மைதான், தேநீர் வேளை தாண்டியதும் முடிந்தது. அனுமதி வந்தது, அக்கா புதுக் கோப்பை ஏற்றினாள். திரைகள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. போகிற கோரிக்கைகளைத் தன் திரையில் திறந்து ஹெட்டரைப் படித்தாள். இது இந்த கிளினிக் டாக்டர். இது அந்த சிஸ்டர், அவருடைய பெயரிலேயே. கடைசியாகத் தன் பழைய சாவியை வைத்து ஒரு கோரிக்கை அனுப்பிப் பார்த்தாள். நீங்கள் யாரென்று தெரியவில்லை என்று சர்வர் பதில் சொன்னது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது.

அன்றைக்கே போகச் சொல்லிவிட்டார்கள். மேலாளர் அவளை மேடம் என்று கூப்பிட்டார். இத்தனை வருட வேலைக்கு ஒரு சான்றிதழ் கேட்டாள், கிடைக்காது என்றார். தவறு முழுக்க அவளுடையது என்று பரிசோதனைக் கூடத்துக்கு எழுதினார். பாதி உண்மை என்பதால் அவள் மறுத்து எழுதவில்லை, மறுபாதி அவள் கடிதத்தில் ஏற்கெனவே இருந்தது. இனி வேலை கிடைப்பது கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். ஒட்டுநாடா தொங்கிய பெட்டிகளை லாரியில் ஏற்றிவிட்டு, ஒரு பையோடு ரயில் ஏறினாள்.

புது வீட்டில் மகள்தான் கதவைத் திறந்தாள். வளர்ந்திருந்தாள். தலை இரட்டைப் பின்னலாக, அக்காவுக்குப் பின்னத் தெரியாத தினுசில் பின்னியிருந்தது. மகள் கட்டிக்கொண்டாள், அழகாகத்தான் கட்டிக்கொண்டாள். பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். இது குளியலறை, வெந்நீருக்கு இதைத் திருப்பணும், சோப்பு இங்கே இருக்கு. துவைத்து மடித்த துண்டு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள். விருந்தாளிக்கு எப்படி எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அம்மாவின் பையைத் தூக்கிப் போய் வாசல் கதவுக்குப் பக்கத்தில் சுவரோரம் வைத்தாள்.

“ஏன் கண்ணு அங்க வைக்கிறே?”

“போகும்போது எடுக்க வசதியா இருக்கும்ல. எப்ப போவே?”

வீட்டுக்காரர் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டார். போகவில்லை என்று அக்கா சொன்னாள். மகள் தலையாட்டினாள், அடுத்த மாதம் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய அதே தலையாட்டல். அவளை யார் குறை சொல்ல முடியும்?

அக்கா பையை எடுத்துவந்து தரையில் உட்கார்ந்து திறந்தாள். புடவைகளை, ஜாக்கெட்டுகளை, சீப்பை, கண்ணாடியை ஒவ்வொன்றாக எடுத்து மகளிடம் கொடுத்தாள், மகள் அலமாரியில் தன் உடுப்புகளைத் தள்ளி இடம் செய்து வைத்தாள். பை காலியானது. பரண் உயரத்தில் இருந்தது. அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறினாள், மகள் இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். காலிப் பையை மடித்துப் பரணின் விளிம்பில் வைத்துவிட்டு இறங்கப் போனாள்.

மகள் ஸ்டூலை விடவில்லை. நிமிர்ந்து பரணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உன் கைக்கு எட்டுது பாரு,” என்றாள். “இன்னும் உள்ள தள்ளும்மா.”